கையில் ஒட்டிய சுகர் சென்சார்: 14 நாள் பார்த்ததை எழுதுகிறேன்

ராத்திரி படுக்கும்போது 118 இருக்கும். நடுவில் எழுந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்ததைத் தவிர எதுவும் உள்ளே போயிருக்காது. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் 146. டைப் 2 சர்க்கரை வந்து ஆறு வருடமாகிறது, ஆறு வருடமும் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி இது ஒன்றுதான்: சாப்பிடாமலே சுகர் எப்படி ஏறும்? ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கிப் பார்த்தேன், மறுநாள் 149. ஒரு நாள் எதுவுமே சாப்பிடாமல் படுத்தேன், 151. மனைவிக்கு வேறு சந்தேகம், எல்லோரும் தூங்கிய பிறகு நான் சமையலறைப் பக்கம் போகிறேனாம். சத்தியமாக இல்லை. அதாவது, பெரும்பாலும் இல்லை.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வாங்கினேன். பெட்டிக்குள் இரண்டு இருந்தன, ஒவ்வொன்றும் 14 நாள் ஓடும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் திட்டப்போகும் குறைகளில் பாதி இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை, மீதிப் பாதிக்கு ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமாகாது.

ஒட்டுவது பயந்த அளவுக்கு இல்லை. தோள்பட்டைக்குக் கீழே, கையின் பின்பக்கச் சதையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு (இந்தக் காயவிடுவதில் அவசரப்பட்டால் மூன்றாம் நாளே ஓரம் தூக்கும்), ஒரு சின்னக் கிண்ணம் போன்ற கருவியை வைத்து அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே போன ஊசி அந்த நொடியே வெளியே வந்துவிடும், தோலுக்கடியில் நிற்பது 5 மில்லிமீட்டர் அளவில் முடி மாதிரி ஒரு மெல்லிய இழை மட்டும்தான். வெளியே பெரிய நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை. விரலில் குத்துவதுதான் இதைவிட வலிக்கும், பொய் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து போனில் முதல் எண் வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியில் இதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளப்பதில்லை. செல்களுக்கு இடையே ஊறியிருக்கும் திசு நீரில் உள்ள குளுக்கோஸை அளக்கிறது. இழையின் நுனியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் பூசியிருக்கும், அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும், அதைத்தான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறார்கள். லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1962-ல் சொன்ன யோசனை இது. 1999-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் தொடர் கண்காணிப்புக் கருவி மூன்று நாள்தான் தாங்கும், மாட்டிக்கொண்டவரால் எண்ணைப் பார்க்கவும் முடியாது, டாக்டர் பிறகு கம்ப்யூட்டரில் இறக்கித்தான் பார்ப்பார். அங்கிருந்து இங்கு வந்திருக்கிறோம். ஆனால் திசு நீருக்கு ரத்தத்திலிருந்து குளுக்கோஸ் கசிந்து வரவேண்டும் அல்லவா, அதனால் சென்சார் எப்போதும் 5 முதல் 15 நிமிடம் வரை பின்தங்கியே ஓடும். சுகர் நிலையாக இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை. கிடுகிடுவென ஏறும்போதும் இறங்கும்போதும் குளுக்கோமீட்டர் ஒன்று சொல்லும், இது ஒன்று சொல்லும், இரண்டும் பொய்யில்லை.

சரி, முதல் ராத்திரிக்கு வருகிறேன். காலையில் எழுந்து வரைபடத்தைத் திறந்தால், 11 மணியிலிருந்து மூன்றரை வரை கோடு 115-க்கும் 120-க்கும் நடுவே படுத்துக் கிடக்கிறது. மூன்றரைக்கு மேல் யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட மாதிரி மெதுவாக ஏறத் தொடங்கி, ஆறரைக்கு 144. அந்த மூன்று மணி நேரமும் நான் அசையாமல் தூங்கியிருக்கிறேன். மனைவியிடம் போனை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீங்க திருடலை. அப்போ யாரு திருடுறது?" என்றாள்.

கல்லீரல்தான். இது எனக்கு வார்த்தையாகத் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், சுகர் 100 என்பது டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம், மொத்தமாகக் கணக்குப் போட்டால் 5 கிராம். அவ்வளவுதான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை. மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும், அதாவது மணிக்கு 5 கிராம். எவரும் நிரப்பாவிட்டால் ரத்தத்தில் இருக்கும் அத்தனை சர்க்கரையையும் மூளை ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும். தூக்கத்தில் நாம் சாகாமல் இருப்பதற்குக் காரணம், கல்லீரல் தன்னிடம் உள்ள 100 கிராம் அளவு சேமிப்பிலிருந்தும், அது போதாமல் புரதத்தின் துண்டு துணுக்குகளிலிருந்து புதிதாகச் செய்தும், விடியவிடியச் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸை விட்டுக்கொண்டிருப்பதுதான்.

அந்தக் குழாயைத் திறப்பது குளுக்ககான் என்ற ஹார்மோன், மூடுவது இன்சுலின். இரண்டும் கணையத்தில் ஒரே திட்டுக்குள் அக்கம்பக்கத்து செல்களிலிருந்து வருகின்றன. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் உடம்பை எழுப்பத் தயாராகும்போது கல்லீரலை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்கின்றன. இது எல்லோருக்கும் நடப்பது. சர்க்கரை இல்லாதவருக்குக் கணையம் உடனே துளி இன்சுலினைக் கூடுதலாக விட்டுச் சமன் செய்துவிடும், அவருக்குத் தெரியவே தெரியாது. என் கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை, கணையத்துக்கும் உரக்கச் சொல்லத் தெம்பில்லை. அதனால்தான் 118 எழுந்து 146 ஆனது. ஆறு வருடமாக நான் ராத்திரிச் சாப்பாட்டின் மேல் பழிபோட்டுப் பட்டினி கிடந்திருக்கிறேன், குற்றவாளி விலா எலும்புக்கடியில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்த ஒரு வரைபடத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன். டாக்டரிடம் நான்கு ராத்திரிக் கோடுகளைக் காட்டினேன். நான் சாப்பிடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரலின் குழாயைக் கொஞ்சம் இறுக்குவதுதான் என்று சொல்லி, வேளையையும் வகையையும் மாற்றிக் கொடுத்தார். நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள், என் கோடு என் கோடுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகான கதை வேறு. அதைப் புரியவைத்தது என் தம்பி. அவனுக்குச் சர்க்கரை கிடையாது, ஆனால் விளையாட்டுப் பொருளைக் கண்ட பையன் மாதிரி "அண்ணா, இன்னொண்ணு சும்மாதானே கிடக்கு" என்று இரண்டாவது சென்சாரை வாங்கி ஒட்டிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் ஒரே சாப்பாட்டை ஒரே அளவு சாப்பிட்டோம், நல்ல மாவுச்சத்து உள்ளதாகவே. பிறகு இரண்டு போன்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவன் 91-ல் தொடங்கி 128 வரை போனான். இரண்டு மணி நேரம் முடிவதற்குள் 95-க்கு வந்துவிட்டான். நான் 121-ல் தொடங்கி, ஒன்றேகால் மணி நேரத்தில் 214. நான்கு மணி நேரம் கழித்தும் 150-ல் நின்றுகொண்டிருந்தேன். அவனுடையது சின்ன மணல்மேடு, என்னுடையது மலை.

என்ன வித்தியாசம் என்றால், அவன் சாப்பாடு குடலைத் தொட்ட உடனேயே ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் கணையத்துக்குத் தகவல் அனுப்பிவிடுகின்றன. கணையம் ஏற்கெனவே செய்து மூட்டை கட்டி வைத்திருக்கும் இன்சுலினை முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வீச்சில் விடுகிறது. அந்த முதல் வீச்சு கல்லீரலுக்கு, "சாப்பாடு வந்தாச்சு, நீ நிறுத்து" என்ற கட்டளை. டைப் 2-ல் மிகச் சீக்கிரமே தொலைந்து போவது இந்த முதல் வீச்சுதான். பிறகு தாமதமாக இன்சுலின் வரத்தான் செய்கிறது, சிலருக்கு நிறையவே வருகிறது, ஆனால் அதற்குள் சாப்பாட்டிலிருந்தும் சர்க்கரை, நிறுத்தாத கல்லீரலிலிருந்தும் சர்க்கரை, இரண்டு பக்கமும் கொட்டிவிடும். தீயணைப்பு வண்டி வந்தது உண்மைதான், கூரை எரிந்த பிறகு வந்தது.

இன்சுலின் சாவி, செல் பூட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்த விளக்கம், கதவுகளே செல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பது. தசை செல்லுக்குள் குளுட்4 என்ற புரதங்கள் சின்னச் சின்னப் பைகளில் சுருண்டு கிடக்கும். இன்சுலின் வெளியே வந்து தட்டினால்தான் அவை மேற்பரப்புக்கு வந்து வாசலாக நிற்கும், குளுக்கோஸ் உள்ளே போகும். டைப் 2-ல் தட்டுவது உள்ளே சரியாகக் கேட்பதில்லை. டைப் 1-ல் தட்ட ஆளே இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலமே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு நோயையும் கூப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம். டைப் 1 உள்ள குழந்தையின் அம்மாவிடம் போய் "இனிப்பைக் குறைக்கலாமே" என்று அறிவுரை சொல்கிறவர்களை எல்லாம் ஒரு அறையில் போட்டுப் பூட்ட வேண்டும்.

இந்த வாசலைத் திறக்க இன்னொரு வழியும் உண்டு. தசை சுருங்கி விரிந்தாலே, இன்சுலின் தட்டாமலே, அந்தக் கதவுகள் மேலே வருகின்றன. படித்திருக்கிறேன், நம்பவில்லை. அடுத்த ஞாயிறு அதே சாப்பாடு, முடித்த பத்தாவது நிமிடத்தில் இறங்கிப் பதினைந்து நிமிடம் சாதாரண நடை, வேகநடை கூட இல்லை. உச்சம் 168. மாத்திரை மாறவில்லை, அளவு மாறவில்லை. மூன்றாவது முறை காய்கறியையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டேன், நடக்கவில்லை, 181. இதெல்லாம் ஒருவன் ஒரு தடவை பார்த்தது, ஆராய்ச்சி இல்லை. ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு 46 புள்ளி என்று கண்ணெதிரே தெரிந்த பிறகு, சாப்பிட்டதும் சோபாவில் சாய்வது கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாள் இதே உற்சாகத்தில் கனமான எடைகளைத் தூக்கினேன், சுகர் 30 ஏறிவிட்டது. பதறிப்போய்த் தேடினால், கடுமையாக மூச்சு வாங்கும்போது அட்ரினலின் வந்து கல்லீரலை மறுபடி திறந்துவிடுமாம். மறுபடியும் அவன்தான்.

இப்போது திட்ட வேண்டிய பகுதி. ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டே முக்காலுக்கு அலாரம் அலறியது, 58. எழுந்து பார்த்தால் வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, பசி கூட இல்லை. மனைவி குளுக்கோஸ் டப்பாவோடு நிற்கிறாள். ஒரு நிமிடம் பொறு என்று விரலைக் குத்தினேன், 109. நடந்தது என்னவென்றால் நான் சென்சார் இருக்கும் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தேன், கை அழுந்தியதில் அந்த இடத்துக்குத் திசு நீர் ஓட்டம் குறைந்து, கருவி பொய்யாகக் குறைத்துக் காட்டிவிட்டது. இந்த வகைச் சென்சார்களில் எல்லாம் நடக்கக்கூடியதுதான், ஆனால் ராத்திரி இரண்டே முக்காலுக்கு அது ஆறுதல் இல்லை. வீட்டில் குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண் ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால், விரலைக் குத்துங்கள். உண்மையிலேயே 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இது மாறவில்லை.

முதல் நாள் எண்களையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இழை குத்திய இடம் ஆறுவதற்குள் அது கன்னாபின்னாவென்று காட்டியது, மீட்டர் 132 சொன்னபோது இது 101. இரண்டாம் நாள் மதியத்திலிருந்து பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனது. மீட்டரும் கடவுள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், அதற்கான 2013 ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை விலகலை அனுமதிக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எது உண்மை என்று பஞ்சாயத்து வைப்பதில் அர்த்தமில்லை. அப்புறம், வைட்டமின் சி மாத்திரை பெரிய அளவில் சாப்பிடுகிறவர்கள் பெட்டியில் உள்ள எச்சரிக்கையைப் படியுங்கள், சில சென்சார்களில் அது எண்ணைப் பொய்யாக உயர்த்தும்.

ஒட்டுப்பசை எனக்கு எட்டாம் நாளிலிருந்து அரித்தது. தம்பியுடையது ஒன்பதாம் நாள் கதவு நிலையில் உரசிப் பிய்ந்து வந்துவிட்டது. மாற்றித் தருவார்களா என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், வரிசை எண் கேட்டார்கள், அது பெட்டியில் இருக்கும், பெட்டி குப்பையில். வில்லையின் போட்டோ, கையின் போட்டோ, கதவின் போட்டோ கூடக் கேட்பார்களோ என்று பயந்தேன். மூன்று போன், இரண்டு மெயில், பதினோரு நாள் கழித்து மாற்றுச் சென்சார் வந்தது. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதுதான் இதில் சொல்ல இருப்பது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கருவியில் இல்லை, என்னிடம். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை போனைப் பார்த்திருப்பேன். 142 என்றால் முகம் வாடும், 138 என்றால் மலரும். எண்ணைவிட அதன் பக்கத்தில் உள்ள அம்புக்குறிதான் முக்கியம் என்று புரிய நாளானது. 150-ல் இருந்து கீழே போகும் அம்பு நல்ல செய்தி, 150-ல் இருந்து நேர் மேலே போகும் அம்பு எழுந்து நடக்கச் சொல்கிறது.

மூன்று மாதச் சராசரி சுகர் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அந்த ஹெச்பிஏ1சி பரிசோதனை வேண்டும், கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்போடு பெரிய ஆய்வுகள் இணைத்துக் காட்டியது அதைத்தான். ஆனால் 7 என்று வந்தால் அதன் பொருள் சராசரி சுமார் 154 என்பது மட்டுமே. நாள் முழுக்க 154-லேயே அசையாமல் இருந்தவருக்கும், 60-க்கும் 250-க்கும் இடையே ஊஞ்சல் ஆடியவருக்கும் அதே 7 வரலாம். சென்சார் காட்டும் இன்னொரு கணக்கு, நாளில் எவ்வளவு நேரம் 70-க்கும் 180-க்கும் உள்ளே இருந்தோம் என்பது. பெரும்பாலான பெரியவர்களுக்கு 70 சதவீதத்துக்கு மேல், அதாவது 17 மணி நேரம் போல, இருக்கவேண்டும் என்பது 2019-ல் பன்னாட்டு நிபுணர்கள் ஒப்புக்கொண்ட இலக்கு. என் முதல் வாரம் 61. இரண்டாவது வாரம் 74. இந்த 180 என்ற எல்லைக்குப் பக்கத்தில்தான் பொதுவாகச் சிறுநீரகமும் கைவிடத் தொடங்கும், வடிகட்டிய சர்க்கரையை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாமல் சிறுநீரில் விடும், சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நோய் கண்டுபிடிக்கும் முன் ராத்திரி நான்கு தடவை எழுந்துகொண்டிருந்தேன், வயசாகிறது என்று நினைத்தேன்.

யார் வாங்கலாம்? இன்சுலின் போடுகிறவர்கள், லோ சுகர் வந்தால் உடம்பு முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காதவர்கள், சுகரை இறக்கிவிடக்கூடிய சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள், இவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை, அந்த அலாரம் ஒரு ராத்திரி பொய் சொன்னாலும் மறு ராத்திரி காப்பாற்றும். என்னைப் போல மெட்ஃபார்மினில் ஓடுகிறவர்களுக்கு வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்து மாறும்போது ஒன்று, காரணமே தெரியாமல் எண்கள் ஏறும்போது ஒன்று, போதும். சர்க்கரையே இல்லாதவர்கள் வாங்குவது என் தம்பி செய்த வேலை. அவன் இப்போது 128-ஐப் பார்த்துக் கவலைப்படுகிறான், நான் அவனை அடிக்காமல் இருப்பதே பெரிது.

ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது பசைக்கும் அந்த இரண்டே முக்கால் மணிக்கும் சேர்த்து. மாற்றாக வந்த சென்சார் அலமாரியில் இருக்கிறது, புது வேளையில் மாத்திரை எடுக்கத் தொடங்கி ஆறு வாரம் ஆனதும் ஒட்டிப் பார்க்கப்போகிறேன், இந்தமுறை இடது கையில், வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு. இன்று காலை விரலில் 127.